அம்மாவின் காலை மாத்திரை

இம்முறை நூலைப் பற்றியன்று. எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது.

எட்டாண்டுகளுக்கு முன் அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்தெழுதிய மருத்துவர், அது வயிற்றைப் புண்ணாக்காதிருக்க ஒரு மாதத்திற்குப் பான்டோபிரசோல் மாத்திரையையும் சேர்த்து எழுதினார். வலி மாத்திரை நின்றது, இது நிற்கவில்லை. 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் வீட்டிலேயே தங்கிவிட்டது. பழைய சீட்டைக் காட்டி மாதந்தோறும் வாங்கி வந்தவர்கள் நாங்கள்தாம்.

சென்ற ஆண்டு பல் பிடுங்கியபின் ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டார் அம்மா. தொடர்ந்து வயிற்றுப்போக்கு. கஞ்சியும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். நான்காம் நாள் எழுந்து நிற்க இயலாமல் சரிந்துவிட்டார். மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமி தெரிந்தது.

"ஆன்டிபயாட்டிக்தான் முதற்காரணமாக இருக்கும். ஆனால் இந்தக் கேஸ் மாத்திரை இன்னும் எதற்கு?" என்றார் மருத்துவர். எங்களிடம் விடையில்லை.

அதன்பிறகே படித்தறிந்தோம். இரைப்பை அமிலம் செரிமானத்திற்கு மட்டுமன்று. உணவோடும் உமிழ்நீரோடும் இறங்கும் நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவற்றை அழிக்கும் காவலும் அதுவே. இம்மாத்திரை அமிலம் சுரக்கும் புரோட்டான் பம்புகளை அடைத்துவிடுகிறது. காவல் தளர, வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை குடலிலும் பெருகுகின்றன. 2016-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்று 1,815 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, இம்மருந்து உண்போரிடம் அவற்றின் பன்மை குறைந்திருப்பதைக் கண்டது. டிஃபிசில் தொற்றுக்கும் இவ்வகை மருந்துகளுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இலேயே எச்சரித்திருக்கிறது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதையும் மறக்கவில்லை. எனினும், தேவையற்ற மாத்திரையை எட்டாண்டுகள் ஊட்டினோம் என்பதில் ஐயமில்லை.

நிறுத்துவதும் எளிதாக இல்லை. நெடுநாள் உண்டதைச் சட்டென விட்டால், அடங்கியிருந்த அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கும். நெஞ்செரிச்சலைக் கண்டு, மருந்து தேவைதான் போலும் என்று மயங்குவோம். மருத்துவர் சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, ஆறு வாரங்களில் நிறுத்தினோம். குடற்புண்ணில் குருதி கசிந்தவர்க்கும், ஆஸ்பிரின் உண்ணும் முதியவர் பலருக்கும் இதுவே உயிர்காக்கும் மருந்து. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தலாகாது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நோயின் காரணத்தை ஆராய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விரித்துரைத்துவிட்டு, மாலையில் மருந்துக் கடைக்குச் சென்று கேள்வியின்றி அட்டை வாங்கி வந்திருக்கிறோம். இதை எண்ணும்போது நாணமாகவே இருக்கிறது.

அம்மா தேறிவிட்டார். இப்போது எந்த மருத்துவர் எதை எழுதினாலும் அவரே முந்திக்கொண்டு கேட்கிறார்: "இது எதுக்கு டாக்டர்? எத்தனை நாளைக்கு?"