கொட்டாத மாவு

2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது அத்தை எங்களோடு சன்னிவேலில் மாட்டிக்கொண்டார். கடைகளில் ஈஸ்ட் இல்லை, மைதா வந்தால் அரை மணியில் காலி. அதனால் வீட்டுக்கு வீடு, புளித்த மாவாலேயே உப்பும் சவர்டோ ரொட்டி சுட்டார்கள். நானும் ஒரு ஜாடியில் மாவைப் புளிக்க வைத்தேன். தினமும் அதில் பெரும்பகுதியை எடுத்துக் கொட்டிவிட்டுத்தான் புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும்.

"மாவே கிடைக்கலங்கற. இருக்கறதையும் ஏம்மா கொட்டற?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிராம் புளித்த மாவுக்கு 50 கிராம் மைதா, 50 கிராம் தண்ணீர். கொட்டாமல் விட்டால் முதல் நாள் 150, அடுத்த நாள் 450, மூன்றாம் நாள் 1,350 கிராம். அத்தை மசியவில்லை. இட்லி மாவு புளித்துப்போனால் ஊத்தப்பம் ஆகும், குப்பைக்குப் போகாது என்பது அவர் கட்சி. அது நியாயம்தான்.

அதற்கு முந்தைய முறை வந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோவில் பூடின் ரொட்டிக்கடைக்குக் கூட்டிப்போயிருந்தோம். 1849-இல் தொடங்கிய கடை. 1906 பூகம்பத்தின்போது தாய்மாவை வாளியில் அள்ளிக் காப்பாற்றிய கதையை அங்கே பெருமையாகச் சொல்வார்கள். முதலை உருவத்தில் சுட்ட ரொட்டியைப் பார்த்துச் சிரித்த அத்தைக்கு வாளிக் கதைதான் பிடித்தது. அப்படிக் காப்பாற்றிய மாவையா நீ சிங்க்கில் ஊற்றுகிறாய் என்று பிறகு மடக்குவதற்கும் உதவியது.

கொட்டும் மாவை வேறு எதிலாவது சேர்க்கலாமா என்று தேடினேன். சாக்லேட் சிப் குக்கி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் செய்முறை அது. 1938-இல் அவருடைய சமையல் புத்தகத்தில் வந்தது, பிறகு நெஸ்லே பொட்டலத்தில் ஏறியது. தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்ற கதையை நான் நம்புவதில்லை. மனையியல் படித்த பெண்மணி, யோசித்துத்தான் செய்திருப்பார்.

புளித்த மாவில் பாதி தண்ணீர். அப்படியே சேர்த்தால் குக்கி கேக் மாதிரி உப்பிவிடும். அதனால் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கவில்லை. வெண்ணெயைக் காய்ச்சி அதிலுள்ள தண்ணீரையும் போக்கும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். நுரை பொங்கும், சடசடக்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்; அடியில் கசடு பொன்னிறமாகி மணம் வந்ததும் இறக்கிவிடுவார். நெய் உருக்கிப் பழகிய காதுக்கு இதெல்லாம் புதிதல்ல. மாவின் புளிப்பு ஆப்பச் சோடாவோடு சேர்ந்து வேலை செய்யும், இனிப்பும் திகட்டாது.

நீங்களும் செய்து பாருங்கள். பிசைந்தவுடன் மட்டும் சுட வேண்டாம், ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.