செம்பு மண்ணில் ஒரு வீடு

ஜாம்பியா நாட்டின் வடபகுதியில், காங்கோவின் எல்லையை ஒட்டி, செம்பை நம்பியே வளர்ந்த நகரங்கள் சில உள்ளன. கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா என்னும் அந்நகரங்களில் மண்ணுக்குமேல் வாழும் வாழ்க்கையை மண்ணுக்குக்கீழ் நடக்கும் வேலையே தீர்மானிக்கும். 1984ஆம் ஆண்டு ஜனவரியில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர், மனைவியையும் எட்டு வயது மகளையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, கிட்வே நகரத்துப் பள்ளி ஒன்றில் பணியேற்க வந்திறங்கினார். ஒப்பந்தம் மூன்றாண்டுகளுக்கு. சேமித்துக்கொண்டு திரும்பி, ஊரில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அப்போது ஆப்பிரிக்கா சென்ற பெரும்பாலான ஆசிரியர்களின் திட்டமும் அதுதான்.

அவர்கள் அங்கே தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1964 அக்டோபர் 24ஆம் நாள் விடுதலை பெற்றபோது ஜாம்பியாவில் பட்டதாரிகளின் எண்ணிக்கை நூற்றுச் சொச்சமே. புதிய அரசு பள்ளிகளை விரைந்து திறந்தது. ஆசிரியர்களை அயல்நாடுகளிலிருந்து வரவழைத்தது. செம்பு விற்ற பணம் அதற்கு உதவியது. எழுபதுகளின் நடுவில் உலகச் சந்தையில் செம்பின் விலை வீழ்ந்தது. எனவே அக்குடும்பம் வந்து சேர்ந்த காலத்தில் பள்ளிகள் இருந்தன, மாணவர்கள் இருந்தனர். கடை அலமாரிகளில்தான் பொருள் இல்லை. சமையல் எண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் விடியுமுன் வரிசையில் நிற்பது வீட்டு வேலைகளுள் ஒன்றாயிற்று.

அவர்களுக்குக் கிடைத்த வீட்டின் பின்புறத்தில் ஒரு மாமரமும், ஆள் உயரத்தை விஞ்சிய கரையான் புற்று ஒன்றும் இருந்தன. முதல் வெள்ளிக்கிழமையன்று ஆசிரியரின் மனைவி புற்றின் அடியில் மஞ்சள் பூசிப் பூ வைத்தார். தோட்டவேலைக்கு வந்த பெரியவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்தவரையில் அந்த மண் செங்கல் அறுக்க மிகவும் ஏற்றது. இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் மறுக்கவில்லை. நவம்பரில் முதல்மழை விழுந்த இரவில் ஈசல்கள் விளக்கை மொய்த்தன. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் நீர் நிரம்பிய வட்டிலை விளக்கின்கீழ் வைத்து அவற்றைப் பிடித்தனர். வறுத்து உப்பிட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தும் கொடுத்தனர். பிள்ளைகள் முகம் சுளித்தனர். ஆசிரியரோ ஒரு பிடி அள்ளி வாயிலிட்டார். இளமையில் கம்மாய்க்கரையில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றவர் அவர்.

உணவில் அவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடு நினைத்ததைவிடச் சிறியது. அரிசி அரிதாகவே கிடைத்தது. கிடைத்தபோது விலை மிகுதி. நாடு முழுவதும் உண்பது வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரில் துழாவிக் கிண்டும் ‘இன்ஷிமா’. கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு அது புதிதன்று. பரங்கிக் கொடியின் இளந்தழையை நிலக்கடலைப் பொடியிட்டுக் கடைந்த கறியைப் பக்கத்து வீட்டம்மையார் கற்றுக்கொடுத்தார். அவர் சுரங்க மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றியவர். உண்ணுமுன் கைகழுவ நீர் ஊற்றுவது இளையோர் கடமை என்பதையும், மூத்தோரிடம் ஒரு பொருளை நீட்டும்போது வலக்கையின் முழங்கையை இடக்கை தாங்க வேண்டும் என்பதையும் அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தே தமிழ்ப் பிள்ளைகள் கற்றனர்.

மொழியையும் அவர்கள்தாம் முதலில் கற்றனர். ஆறு திங்களுக்குள் மகன் தெருவில் பெம்பா மொழி பேசினான். சமவயதினனிடம் ‘உலிஷானி’ என்று நலம் கேட்க வேண்டும். மூத்தோரிடம் ‘முலிஷானி’ என்று பன்மையில் கேட்க வேண்டும். நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அறிந்த குழந்தைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிற வெளிநாட்டார்க்கு இது எளிதில் கைவரவில்லை. ஒருநாள் மகன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். “பக்கத்து வீட்டுப் பையன் அவன் அப்பாவைத் தாத்தா என்று கூப்பிடுகிறான்!” பெம்பாவில் ‘தாத்தா’ என்றால் தந்தை, ‘மயோ’ என்றால் தாய், தாய்மாமன் ‘யாமா’. ஒலி ஒத்திருப்பதால் இரு மொழிகளும் உறவுடையன என்று கொண்டாடுவது பொருந்தாது, அது தற்செயலே. ஆனால் அச்சொற்களுக்கு அடியில் இருந்த முறை தற்செயலாக ஒதுக்கத்தக்கது அன்று என்பதை அக்குடும்பம் அடுத்த ஆண்டில் அறிந்தது.

1985ஆம் ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தந்தை இறந்துவிட்டதாகக் கூறி, மார்ச்சுத் திங்களில் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர் இரங்கினார். அதே மாணவன் ஆகஸ்டுத் திங்களில் மீண்டும் ஒரு வாரம் வரவில்லை. திரும்பிவந்து அதே காரணத்தைச் சொன்னான். ஆசிரியர் பழைய விடுப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து, வகுப்பின் முன்னே உயர்த்திப் பிடித்து, “உனக்கு எத்தனை தந்தையர்?” என்று கேட்டார். சிரிப்பு எழும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. மாணவன் தலைகுனிந்து நின்றான். பெரியவர் முன் கண்ணை நேராக நோக்காதிருப்பது அங்கே மரியாதை. ஆசிரியர் அதைக் குற்ற உணர்வு என்று கொண்டார். அவன் எழுதாமல் விட்ட தேர்வுக்குச் சுழியம் இட்டார்.

அன்று இரவு உணவின்போது இதை அவர் வீட்டில் சொன்னார். மனைவி உடனே மறுமொழி கூறவில்லை. செவிலியம்மையார் தமக்குப் பிள்ளைகள் ஐவர் என்று ஒருமுறை சொன்னதும், அவர்களுள் இருவரே அவர் வயிற்றில் பிறந்தோர், மற்ற மூவர் தங்கையின் பிள்ளைகள் என்று பிறகு தெரிந்ததும் அவர் நினைவுக்கு வந்தன. அம்மூவருக்கும் அவர் ‘மயோ’வே. தந்தையின் உடன்பிறந்த ஆண்கள் எல்லாரும் ‘தாத்தா’வே. தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் தாயின் உடன்பிறந்தானுக்கும் மட்டும் வேறு பெயர்கள் உண்டு.

“அவன் பெரியப்பா இறந்திருப்பார். பெரியப்பாவும் அப்பாதானே? பேரிலேயே அப்பா இருக்கிறதே! உங்களை வளர்த்தவர் யார்?” என்று மனைவி கேட்டார்.

ஆசிரியர் தட்டிலிருந்து கையை எடுத்தார். அவருடைய தந்தை இளமையிலேயே இறந்துவிட, கல்லூரிவரை படிக்க வைத்தவர் பெரியப்பா. ஆங்கிலத்தில் கேட்ட சொல்லை ஆங்கில அளவுகோலாலேயே அளந்துவிட்டார் என்பதைத் தவிர அவர் தவறுக்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை. தந்தையின் அண்ணன், தாயின் தம்பி, அத்தையின் கணவர் ஆகிய அனைவரையும் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும் மொழி அது. அம்மொழியில் பேசிய ஒரு பெம்பா மாணவன், தன் உறவுக்கு உண்மையாக இருக்க வேண்டி ‘தந்தை’ என்று சொன்னான், பொய்யன் ஆனான்.

மறுநாள் காலையில் ஆசிரியர் கரும்பலகையில் ‘பெரியப்பா’, ‘சித்தப்பா’ என்னும் இரு சொற்களை ரோமன் எழுத்தில் எழுதி, இரண்டிலும் ‘அப்பா’ என்னும் பகுதியின்கீழ்க் கோடிட்டார். பொருளைச் சொன்னார். வகுப்பின் முன் இழைத்த தவற்றுக்கு வகுப்பின் முன்னரே வருத்தம் தெரிவித்தார். தேர்வு மீண்டும் நடந்தது. அதில் அவன் பெற்ற மதிப்பெண் பெருமைப்படத்தக்கதன்று. கணக்கு அவனுக்கு என்றுமே வந்ததில்லை.

1986 டிசம்பரில் அரசு மானியத்தை நீக்க, உயர்தரச் சோளமாவின் விலை இருமடங்குக்கும் மேலாக ஏறியது. செம்பு நகரங்களில் கலவரம் மூண்டது, கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின. வெளியே செல்ல அஞ்சி அக்குடும்பம் கதவடைத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் அந்தியில் செவிலியம்மையார் வேலியின்மேல் ஒரு மாவுப் பையை நீட்டினார். தம் வீட்டில் இருந்ததில் பாதி என்று அவர் சொல்லவில்லை. பையின் கனத்தைக் கொண்டு இவர்களே அறிந்துகொண்டனர். விலையேற்றத்தை அரசு திரும்பப் பெற்ற பின்பே ஊர் அடங்கியது. இந்தியாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் திரும்பி வரும்படி வேண்டின. ஆசிரியர் ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு நீட்டித்துக்கொண்டார். வீட்டுக்கான பணம் இன்னும் சேரவில்லை என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று மனைவி நம்பவில்லை.

1987 ஜூலையில் தந்தி வந்தது. பெரியப்பா இறந்து நான்கு நாள்கள் கடந்திருந்தன. எரியூட்டல் முடிந்துவிட்டது, இனிப் புறப்பட்டும் பயனில்லை. ஆசிரியர் பள்ளிக்கு வழக்கம்போலச் சென்றார். ஆசிரியர் அறையில், தம் ‘அங்கிள்’ ஒருவர் ஊரில் காலமானார் என்று ஆங்கிலத்தில் கூறினார். வரலாற்று ஆசிரியர், “தாயின் உடன்பிறந்தவரா, தந்தையின் உடன்பிறந்தவரா?” என்று வினவினார். தந்தையின் அண்ணன் என்றதும் அவர் எழுந்து நின்றார். “தந்தையை இழந்துவிட்டு, இங்கே ஏன் வந்தீர்கள்?”

அன்று மாலை, அழைப்பின்றி ஆட்கள் வந்தனர். கூடத்திலிருந்த நாற்காலிகளை வெளியே எடுத்துவைத்தனர். பெண்கள் தரையில் ஆசிரியரின் மனைவியைச் சூழ்ந்து அமர்ந்தனர். ஆண்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தனர். கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் உள்ள அந்நிலத்தில் ஜூலை இரவு கடுங்குளிர் உடையது. ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து, இன்னார் கொண்டுவந்தது சோளமாவு, இன்னார் கொடுத்தது சர்க்கரை, இன்னார் கொடுத்தது இவ்வளவு குவாச்சா என்று எழுதினார். துட்டி வீட்டில் பேரெழுதும் வழக்கத்தை ஆசிரியர் அங்கே எதிர்பார்த்திருக்கவில்லை. இரவு ஒன்பது மணியளவில், மிதிவண்டியின் பின்னே விறகுக் கட்டோடு ஓர் இளைஞன் வந்தான். பள்ளிப்படிப்பை முடித்துச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பழைய மாணவன்தான். இடக்கையால் வலக்கையைத் தாங்கி ஆசிரியரின் கையைப் பற்றினான். ஒன்றும் பேசாமல் விறகைப் பிளக்கத் தொடங்கினான்.

அடக்கம் எப்போது என்று ஒருவர் கேட்டார். உடலை எரித்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் திகைப்பாக இருந்தது. சற்றுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு, இறந்தவர் எத்தகையவர் என்று தோட்டக்காரப் பெரியவர் பெம்பாவில் கேட்டார். ஆசிரியருக்கு அம்மொழி அவ்வளவாக வராது. அவர் தமிழில் சொல்ல, மடியில் அமர்ந்திருந்த ஏழு வயது மகன் பெம்பாவில் பெயர்த்தான். அவர் பருத்திக்காட்டு விவசாயி. எழுத்தறியாதவர். கல்லூரிக் கட்டணத்துக்காக ஓர் இணை மாட்டை விற்றவர். தந்தை தன்வாயால் சொல்வதைப் போலவே மகன் தன்மையில் வைத்துப் பேசினான். ‘பெரியப்பா’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘தாத்தா’ என்றான். நெருப்பைச் சுற்றியிருந்தோர் அச்சொல்லுக்குத் தலையசைத்தனர். ஆசிரியரின் காதில் அது தமிழாகவே விழுந்தது; சிறுவனுக்கு இறந்தவர் தாத்தாவும்தான். நெருப்புத் தணிந்தபோது அந்த இளைஞன் எழுந்து இன்னொரு கட்டையை எடுத்துப் போட்டான்.