சிவப்பு விளக்கின் கால அட்டவணை

மார்ச், இரண்டாம் வாரம்

மைசூரு குவெம்பு நகரில் முப்பது வருடப் பழைய தனி வீடு. வாசலில் மின்சார கார். ராத்திரி பத்து மணிக்குப் பிளக்கைச் செருகினால் சில நாள் பச்சை விளக்கு, சில நாள் சிவப்பு. பச்சையில் தொடங்கினாலும் விடிவதற்குள் தானாக நின்றுபோகிற நாட்களும் உண்டு. வண்டிக்காரர் ஈரோட்டுக்காரர், வங்கி வேலையாக மைசூருக்கு வந்து இங்கேயே ஓய்வு பெற்றவர். காலையில் 90 சதவீதத்தை எதிர்பார்த்து வந்து 43-ஐப் பார்க்கிறார்.

சர்வீஸ் சென்டரில் விட்டால் ராத்திரி முழுக்க ஒழுங்காக ஏறுகிறது. கம்ப்ளைன்ட் எதுவும் இல்லை என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வங்கி கொடுத்த பழைய டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதத் தொடங்கினார்: செருகிய நேரம், விளக்கின் நிறம், நின்ற நேரம், அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது, வெயிலா மழையா.

மார்ச், மூன்றாம் வாரம்

எலக்ட்ரீஷியன் வந்தார். "ஃப்ரிட்ஜ் ஓடுது, மோட்டார் ஓடுது, கீசர் ஓடுது. வீட்டு லைன்ல குறை இல்லை சார், கார்தான் கோளாறு" என்றார். எர்த் இருக்கிறதா என்று பார்க்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை வைத்துக் காட்டினார். எரிந்தது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

அந்தச் சோதனையை நம்பக்கூடாது. எர்த்தின் தடை நூறு ஓம் ஆக இருந்தாலும் 230 வோல்ட்டில் பல்புக்கு 190-க்கு மேல் கிடைத்துவிடும், எரியத்தான் செய்யும். மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள வீடாக இருந்தால் பல்பை வைத்த கணமே அது விழுந்திருக்கும். இந்த வீட்டில் அது இல்லை என்பதே ஒரு தகவல்தான். டைரியில் ஏறியது.

15 ஆம்பியர் பிளக்கில் காரைச் செருகுவது கர்நாடகத்துக்குப் பழைய பழக்கம். 2001-இல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா வந்தபோதே இதே பிளக்தான். ஆனால் அந்தக் குட்டி வண்டியின் 48 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஏறக்குறைய பத்து யூனிட்டில் நிரம்பிவிடும். இப்போதைய காருக்கு நாற்பது யூனிட் வேண்டும். 3.3 கிலோவாட் சார்ஜரில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கீசர் இருபது நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஒரு சாக்கெட்டை ராத்திரி முழுக்க 14 ஆம்பியரில் வேலை வாங்குகிற பொருள் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை.

மார்ச் கடைசி

பெங்களூர் எக்ஸ்பிரஸ்வேயில் மத்தூர் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜர். வடை தின்று முடிப்பதற்குள் 80 சதவீதம். கார் நல்ல கார்தான் என்று வண்டிக்காரருக்கு நிம்மதி. அது பாதி நிம்மதிதான். ஃபாஸ்ட் சார்ஜர் டிசி மின்சாரத்தை நேராக பேட்டரிக்குத் தருகிறது. ஏசியை டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜருக்கு அங்கே வேலையே இல்லை. மத்தூரில் தேறியவை பேட்டரியும், பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரும், சார்ஜரோடு பேசும் கம்பியும்.

அந்தப் பேச்சு எளிமையானது. வீட்டு சார்ஜர் 'பைலட்' கம்பியில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். காரில் செருகியதும் அது 9-ஆக இறங்கும். 'தயார்' என்று கார் சொன்னால் 6. அதற்குப் பிறகுதான் சார்ஜருக்குள் ரிலே மூடும், 230 வோல்ட் காருக்குப் போகும். நடுவில் எது பிடிக்காவிட்டாலும் ரிலே திறந்துகொள்ளும்.

மிச்சச் சந்தேகத்துக்கு விஜயநகரில் நண்பர் வீடு. அதே கார், அதே சார்ஜர், ஒரு முழு ராத்திரி. காலையில் நூறு சதவீதம். ஆன்போர்டு சார்ஜரும் தேறிவிட்டது.

ஏப்ரல், முதல் வாரம்

டைரியை உட்கார்ந்து படித்தபோதுதான் இரண்டு நோய் தெரிந்தது. தொடங்கவே மறுப்பது ஒன்று. தொடங்கி ஓரிரு மணி நேரம் கழித்து நிற்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

தொடங்க மறுத்த நாட்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தோட்டக்காரர் வந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்ட நாட்களில் பச்சை. அவர் வராமல் இரண்டு மூன்று நாள் போனால் சிவப்பு.

செம்பருத்திக்குப் பக்கத்தில்தான் எர்த் குழி. குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, மேலே புனல் வைத்து, முப்பது வருடமாக மறந்துபோன குழி. கோடையில் செம்மண் காய்ந்தால் அதன் தடை ஏறிவிடும். எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்தபோது நூறு ஓமைத் தாண்டியது. புனலில் நாலு குடம் ஊற்றிப் பொறுத்திருந்து அளந்தால் சரசரவென இறங்கியது. ஃப்ரிட்ஜுக்கு எர்த் தேவையில்லை என்று அர்த்தமில்லை. அது எர்த்தைச் சோதிப்பதில்லை. கார் சார்ஜர் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடுகிறது. ஐரோப்பாவில் ரெனோ ஸோயி கார் இந்த விஷயத்தில் பேர்போன கறார்: எர்த் சுமாராக இருந்தால் சார்ஜ் ஏற்ற முடியாது என்று சொல்லிவிடும், வீட்டுக்காரர் காரைத் திட்டுவார்.

ஏப்ரல், இரண்டாம் வாரம்

பாதியில் நிற்கும் நோய்க்கு மல்டிமீட்டர் போதுமாக இருந்தது. சார்ஜ் ஏறும்போது மீட்டர் போர்டில் 228 வோல்ட், சாக்கெட்டில் 219. நடுவே 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போக வர 50 மீட்டருக்கு 14 ஆம்பியரில் ஐந்து வோல்ட் விழுவது நியாயம். மீதி நாலு வோல்ட் எங்கோ ஒரு இணைப்பில் கரைகிறது. நாலை 14-ஆல் பெருக்கினால் 56 வாட், அதாவது இரண்டு சால்டரிங் அயர்னின் சூடு, ஒரு ஸ்க்ரூவுக்குள்.

மெயினை அணைத்துச் சாக்கெட்டைக் கழற்றினார்கள். நியூட்ரல் முனையில் ஸ்க்ரூ தளர்ந்து, கம்பியின் உறை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகியிருந்தது. சூடு ஏறினால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும். ஆறினால் மறுபடி நல்லபிள்ளை. சர்வீஸ் சென்டரில் அந்தச் சாக்கெட் கிடையாதே!

எலக்ட்ரீஷியன் கருகிய சாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு ஸ்கொயர் கம்பி, தனி எம்சிபி, ஆர்சிசிபி போட்டுடலாம் சார். இன்னொரு எர்த்தும் அடிச்சிடலாம்."

மே

வயரிங் மாறிய பிறகு சிவப்பு விளக்கு வரவில்லை. அதற்காகக் காரின் மேல் எப்போதும் பழி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. 12 வோல்ட் சிறு பேட்டரிக்குச் சார்ஜ் தருகிற பகுதியில் குறை. அந்தச் சின்ன பேட்டரி சோர்ந்துபோனால் பெரிய பேட்டரியின் கான்டாக்டரை மூடக்கூட ஆள் இல்லை. வண்டிக்காரர் டைரியில் ஒரு புதுக் கட்டம் போட்டு, மாதம் ஒருமுறை தன் காரின் சின்ன பேட்டரி வோல்டேஜையும் குறிக்கிறார்.

எதிர்வீட்டுக்காரரும் மின்சார கார் புக் செய்திருக்கிறார். வண்டி வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் போய் எர்த் குழியைத் தேடினார். போன வருடம் அதன் மேல் டைல்ஸ் போட்டு மூடியிருந்தார்கள்.