மீட்டர் 12 வோல்ட் காட்டுது, பல்பு ஏன் எரியலை?

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு எங்க சிங்காரப்பேட்டை. மாம்பழ சீசன் வந்தா ராத்திரி முழுக்க லோடு வண்டிங்க ஓடிக்கிட்டே இருக்கும். அதுல ஒரு வண்டிக்குப் பின் விளக்கு எரியலைன்னா, பின்னாடி வேகமா வர்ற பஸ்ஸுக்கு அப்படி ஒரு வண்டி முன்னாடி போறதே தெரியாது. அதனால இது வெறும் ரிப்பேர் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

இப்போ மல்டிமீட்டர் எல்லார் கையிலும் இருக்கு. ஹோல்டரைக் கழட்டி மீட்டரை வெச்சா 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினா எரியாது, இல்லைன்னா மினுக் மினுக்குன்னு அழும். உடனே "மீட்டர் பொய் சொல்லுது"ன்னு சொல்லிடுவோம். மீட்டர் பொய் சொல்லலைங்க. நாம கேட்ட கேள்விதான் வேற!

கொஞ்சம் கணக்குப் பாருங்க. 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதாவது எரியும்போது அதோட மின்தடை 2.4 ஓம். ஆனா சாதாரண மலிவு டிஜிட்டல் மீட்டருக்கே மின்தடை சுமார் 10 லட்சம் ஓம். வழியில ஒரு கனெக்டர் பச்சைக் களிம்பு பிடிச்சு 1 ஓம் தடை போடுதுன்னு வெச்சுக்குவோம். 10 லட்சத்துக்கு முன்னாடி 1 எம்மாத்திரம்? மீட்டர் முழு 12 காட்டும். பல்பை மாட்டினா அந்த 1 ஓமே நாலு வோல்ட் அளவுக்குத் தின்னுடும். பல்புக்குக் கிடைக்கிறது சுமார் 8 வோல்ட்தான்.

நான் படிக்கிறது காமர்ஸ். எங்க பாடத்துல இருப்பாய்வுன்னு ஒண்ணு வரும். பற்றும் வரவும் டேலி ஆயிட்டா கணக்கில் தப்பே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. சில தப்புகள் டேலி ஆன கணக்குக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். லோடு இல்லாம எடுத்த 12 வோல்ட்டும் அதே மாதிரிதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? பல்பு மாட்டி, சுவிட்ச் போட்ட நிலையிலேயே அளக்கணும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு பல்பின் பிளஸ்ல. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வழியில எங்கேயோ கசடு இருக்கு. அதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. இங்கே 0.2 வோல்ட் தாண்டினாலே சந்தேகப்படலாம். துருப்பிடிச்ச பாடி எர்த் பெரும்பாலும் இதுலதான் மாட்டும்.

இன்னும் சில குழப்பங்கள்:

1. பீப் சத்தம். இருபது இழை வயர்ல பத்தொன்பது அறுந்து ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். பீப் வந்தா வழி இருக்குன்னுதான் அர்த்தம், அது நல்ல வழின்னு அர்த்தமில்லை.

2. பல்பின் ஓம். எரியாத ஹெட்லைட் பல்பை அளந்தா 2.4 வராது, அதுல பத்துல ஒரு பங்கு மாதிரி வரும். ஷார்ட்டுன்னு பயப்படாதீங்க. இழை சூடானாத்தான் தடை ஏறும்.

3. பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், செல்ஃப் போட்டா 9.6-க்குக் கீழே விழும். சார்ஜ் ஏத்தியும் இப்படியே இருந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வந்தா சார்ஜிங் சரி.

4. பழைய மொபெட்டுகள். 1980-ல் பக்கத்து ஓசூர்ல டிவிஎஸ் 50 வர ஆரம்பிச்சதிலிருந்து எங்க பக்கம் மொபெட் இல்லாத தெரு குறைவு. பழைய மொபெட் பலதுல ஹெட்லைட்டுக்கு பேட்டரி கரண்ட் வராது, மேக்னெட்டிலிருந்து நேரா ஏசி கரண்ட்தான். மீட்டரை டிசியில வெச்சா பூஜ்யம் மாதிரி ஏதோ காட்டும். ஏசிக்குத் திருப்புங்க, வரும்.

1923-ல் இங்கிலாந்துல ஆவோமீட்டர் வந்தப்போ ஆம்பியர், வோல்ட், ஓம் மூணும் ஒரே பெட்டியில அடங்கிச்சு. அப்பவும் இப்பவும் எண்ணைக் காட்டுறதுதான் மீட்டர் வேலை, அது எந்த நிலையில எடுத்த எண்ணுன்னு யோசிக்கிறது நம்ம வேலை. அதனால புது பேட்டரிக்குக் காசு எண்ணுறதுக்கு முன்னாடி, ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து அந்த எர்த் போல்ட்டைத் தேய்ச்சுப் பாருங்க.