ஒட்டாத இரண்டை ஒட்டவைக்கும் உலை

செம்பும் வெள்ளீயமும் உருகி ஒன்றில் ஒன்று கரைந்தால் வெண்கலம் பிறக்கிறது. உலோகத் தளக் கலப்புப்பொருளிலோ கரைதல் என்பதே இல்லை. ஓர் உலோகத்தின் உடலுக்குள் அதனினும் கடினமான துகள்களையோ இழைகளையோ பரப்பி, இரண்டும் தத்தம் இயல்பு கெடாமல் சேர்ந்து சுமை தாங்குமாறு செய்வதே இதன் அடிப்படை. 1968இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ். ரே, உருகிய அலுமினியத்தில் அலுமினாத் தூளைக் கிளறிச் சேர்த்தது, இன்று கிளறு வார்ப்பு எனப்படும் முறையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாகும். 1983இல் டொயோட்டா நிறுவனம் டீசல் எஞ்சின் பிஸ்டனின் வளையப் பள்ளத்தைப் பீங்கான் இழைகளால் வலுவூட்டிய பின், இப்பொருள் சாலைக்கும் வந்தது.

கிளறு வார்ப்பு நடக்கும் வார்ப்பகத்தின் உலையடியில் நிற்போருக்கு முதலில் புலப்படுவது, கண்ணை நம்ப முடியாது என்பதே. உருக்கிய இரும்பின் சூட்டை அதன் நிறமே காட்டிவிடும். 660 பாகை செல்சியஸில் உருகும் அலுமினியமோ 700 பாகையைத் தாண்டியும் வெள்ளிபோலவே மின்னுவதால், தொழிலாளி வெப்பமானியின் முனையை மூசைக்குள் அமிழ்த்தியே சூடு அறிகிறார். சாணைக்கல்லுக்குப் பயன்படும் சிலிக்கான் கார்பைடுத் தூளை அப்படியே கொட்டினால், தாமரை இலைத் தண்ணீர்போல் அது உலோகத்தோடு ஒட்டாமல் மேலே மிதக்கும். ஆகவே தூளைத் தனியாகச் சூடாக்கி ஈரம் போக்கி, உருகிய உலோகத்தில் சிறிது மக்னீசியம் சேர்த்து, சுழலும் கிளறி உண்டாக்கும் குழிச்சுழலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகின்றனர். தூள் ஏற ஏற, தண்ணீராய் ஓடிய உலோகம் கூழாகத் தடிக்கிறது.

கிளறியின் வேகம் குறைந்தால் துகள்கள் திட்டுத்திட்டாகத் திரளும். மிகுந்தால் காற்று உள்ளிழுக்கப்பட்டு வார்ப்பில் நுண்துளை விழும். சூடு மிஞ்சினால் அலுமினியமும் கார்பைடும் வினைபுரிந்து, ஈரம் பட்டால் சிதையும் அலுமினியம் கார்பைடு உருவாகும். அதைத் தடுக்கவே சிலிக்கான் மிகுந்த அலுமினியக் கலவையைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவற்றினும் கடினமானது, கிளறியை நிறுத்துவதற்கும் அச்சில் ஊற்றுவதற்கும் இடைப்பட்ட பொழுது. துகளின் அடர்த்தி 3.2, உருகிய அலுமினியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.4 என்பதால், கரண்டி தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் துகள்கள் அடியில் படிகின்றன.

குளிர்ந்த வார்ப்பு கடைசல் பட்டறைக்குச் சென்றதும், அதன் சிறப்பே சுமையாகிறது. தேய்மானத்தைத் தாங்கும் அதே துகள்கள், வழக்கமான கார்பைடு வெட்டுமுனையை விரைவில் மழுக்குவதால், விலைமிக்க வைர முனை தேவைப்படுகிறது. கடைவதற்கு மிகக் குறைவாகவே எஞ்சுமாறு, இறுதி வடிவத்துக்கு நெருக்கமாக வார்ப்பது இதனால்தான். நன்கு கலந்த வார்ப்பும் துகள் படிந்துபோன வார்ப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்த பிறகே வேறுபாடு தெரியும். இவ்வாறு வார்க்கப்படும் பிரேக் தட்டின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது, உலையடித் தொழிலாளி கரண்டியைத் தூக்கிய அந்தச் சில நொடிகளே.