நவரைக் கழனியும் வடக்கிலிருந்து வரும் பறவைகளும்

டிசம்பர் 31 இரவு திருத்தணி தூங்காது. 365 படிகளுக்கும் பூசை நடக்கும். படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டே கூட்டம் ஏறும். புத்தாண்டு பிறக்கும்போது மலைமேல் நிற்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறவர்கள் எல்லோருக்கும் கண் மலைமேல்தான். இந்த ஊரில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோபுரம், கொடிமரம், மயில் வாகனம், கார்த்திகைக் காவடி என்று நினைவில் நிற்பதெல்லாம் மேலே இருப்பவை. மலையைச் சுற்றிக் கிடக்கும் ஏரிகளையும் கழனிகளையும் நின்று பார்த்ததாக ஞாபகமே இல்லை.

இங்கிலாந்துக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அங்கே ஜூலை, ஆகஸ்டில் வரும். ஆகவே இந்தியாவுக்கு வந்ததெல்லாம் அந்த மாதங்களில், அதுவும் சென்னையோடு சரி. அப்போது திருத்தணிக்கு வந்திருந்தாலும் பெரும்பாலான ஏரிகள் வெடித்த தரையாகத்தான் கிடந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்ந்த பிறகுதான் இந்த நிலத்துக்கு உயிர் வருகிறது. மார்கழியிலும் தையிலும் இந்த ஊரைப் பார்க்காதவர் இதன் பாதியைப் பார்க்கவில்லை என்பேன். அந்தப் பாதியைப் பார்க்கத்தான் இந்தத் தடவை பைனாகுலரோடு வந்தேன்.

பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு இங்கிலாந்தில் வந்தது. ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் அங்கே 1979 முதல் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. ஜனவரிக் கடைசி வார இறுதியில் ஒரு மணி நேரம் வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ உட்கார்ந்து, இறங்கும் பறவைகளை எண்ணி அனுப்ப வேண்டும். குழந்தைகளுக்காகத் தொடங்கியது, இன்று லட்சக்கணக்கானோர் செய்கிறார்கள். மகளோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே கோடையில் பண்ணைக் கொட்டகைகளில் கூடு கட்டும் தகைவிலான் குருவி குளிருக்குத் தென்னாப்பிரிக்கா வரை பறந்து போகும். திருத்தணி மின்கம்பிகளில் தை மாதம் வரிசையாக உட்கார்ந்திருப்பதும் அதே இனம்தான். ஆனால் இவை வேறு கூட்டம். ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து இறங்கி வருபவை. இரண்டு கூட்டத்துக்கும் உறவு உண்டு, வழி வேறு.

பொழுது விடிவதற்கு முன்னால் மலையேறினேன். படியேறும் வழியில் மரத்துக்கு மரம் செண்பகமும் சின்னானும். கோபுரத்தைச் சுற்றி உழவாரன் குருவிகள் வளையமிட்டன. மேலிருந்து பார்த்தால் வடக்கே நகரி மலைத்தொடர், கிழக்கே சமவெளி. வெளிச்சம் வர வர அந்தச் சமவெளியில் ஏரிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. சிறு வயதில் எத்தனையோ முறை நின்ற இடம். நிறைந்த ஏரிகளை எண்ணியபடி அங்கே நின்றது இப்போதுதான்.

பெரிய மாமாவின் கழனி ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, ஓர் ஏரியின் ஆயக்கட்டில் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர். வரப்பில் நின்று பைனாகுலரை எடுத்ததும் கேட்டார்.

"இன்னா கண்ணு, இந்தக் குருவிங்கள பாக்கவா அவ்ளோ தூரத்திலருந்து வந்தே?"

"ஆமா மாமா. இதுங்க அதைவிடத் தூரத்திலருந்து வருது."

அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். சேற்றோரத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி இரை தேடிக்கொண்டிருந்த பொறி உள்ளானைக் காட்டி, ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை விரியும் வடக்குச் சதுப்புக் காடுகளில் இது குஞ்சு பொரிக்கும் என்றேன். அடுத்த பாத்தியில் நடந்த மஞ்சள் வாலாட்டியும் இமயத்துக்கு அப்பால் பிறந்ததுதான். கருவேல முள்ளில் உட்கார்ந்து கரகரவென்று கத்திய பழுப்புக் கீச்சான் மங்கோலியா, கிழக்குச் சைபீரியா பக்கத்தது. மாமா கொஞ்ச நேரம் அந்தக் கீச்சானையே பார்த்தார். "இது ஐப்பசில வரும், பங்குனில காணாம பூடும். எங்க போவுதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார்.

அவர் எனக்குச் சொன்னதுதான் பெரிது. திருவள்ளூர்ப் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. மார்கழி, தை மாதங்களில் சம்பா அறுவடையாகும். அதே வேளையில் பக்கத்துக் கழனியில் நவரைக்குச் சேடை ஓட்டுவார்கள். அறுத்த தாள் ஒரு பக்கம், தண்ணீர் கட்டி உழுத சேறு ஒரு பக்கம், நாற்று நட்ட பச்சை இன்னொரு பக்கம். டிராக்டர் சேடை ஓட்டும்போது மண்ணுக்குள் இருக்கும் புழுவும் பூச்சியும் நத்தையும் மேலே வரும். உண்ணிக்கொக்கும் மடையானும் சக்கரத்துக்குப் பின்னாலேயே நடக்கும். நத்தைகுத்தி நாரை நிதானமாக வந்து நத்தையை அலகால் திறந்து தின்னும். நாற்றைக் கடிக்கும் நத்தை குறைவதால் அதை யாரும் விரட்டுவதில்லை. சேறு படிந்து தண்ணீர் தெளியும்போது உள்ளான்கள் இறங்கும். அறுத்த தாளின் மேல் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் பூச்சி பிடிக்கும். பூனைப்பருந்து தாழப் பறந்து எலி தேடும்.

"ஏரில தண்ணி இருந்தா நவரை. நவரை இருந்தா இதுங்க. இல்லன்னா எதுவும் இல்ல" என்றார் மாமா.

இந்த ஊருக்கு வந்து நான் புரிந்துகொண்டது இதைத்தான். பறவை என்றால் காடு, சரணாலயம் என்று நினைக்கிறோம். திருத்தணியின் குளிர்காலப் பறவைகளில் பெரும்பகுதி உழவரின் விருந்தாளிகள். மனிதன் வெட்டிய ஏரி, மனிதன் போட்ட கரை, மனிதன் திறக்கும் மதகு, மனிதன் ஓட்டும் சேடை: இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் சைபீரிய உள்ளான்.

ஏரிக்குள்ளும் அப்படித்தான். மழை ஓய்ந்ததும் ஏரி நிறைந்து ஆழமாக இருக்கும். அப்போது நீர்க்காகமும் முக்குளிப்பானும் கூழைக்கடாவும் மீன் பிடிக்கும். மதகு திறந்து நவரைக்குப் பாய்ச்சப் பாய்ச்சத் தண்ணீர் இறங்கும். முழங்கால் ஆழத்தில் மஞ்சள் மூக்கு நாரை நடக்கும், ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் மேயும். இன்னும் இறங்கினால் ஓரச்சேறு வெளிப்படும்; அங்கே நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் அரிவாள் மூக்கனும். பாசனத்துக்காகத் திறக்கும் மதகு பறவைகளுக்கும் வாரா வாரம் புதிதாக இலை போடுகிறது. நிறைந்தே இருக்கும் ஏரியில் இத்தனை வகை வராது. வறண்ட ஏரியிலும் வராது.

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்ல. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று 1798-இல் எழுத்து வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்த கழனியில் விளைச்சல் கூடும் என்பது அவர்கள் கணக்கு. கலெக்டர் முன் வைத்தது பக்தியோ அழகோ இல்லை, நெல். அந்தக் காலத்திலேயே பறவைக்காகப் பேசியவர்கள் ஓர் ஏரியின் பாசனதாரர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஊருக்கு வடக்கே ரயிலில் போனால் பொன்பாடி. அதைத் தாண்டினால் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. அங்கே ஆந்திரம் தொடங்கிவிடும். இந்த எல்லை சும்மா வரவில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. மாமா வீட்டில் இன்றும் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. அந்தப் போராட்டம் இல்லாமல் இந்த ஊர் இல்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தண்ணீருக்கும் பறவைக்கும் வேறு நிலப்படம். ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் வெள்ளம் பள்ளிப்பட்டு வழியாக நம் பக்கம் வரும். கொசஸ்தலையில் ஓடி, 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் சேரும். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் அதே பூண்டிக்குத்தான். கூழைக்கடா எல்லைக்கு அப்பால் நேலபட்டு சரணாலயத்தில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டி, பழவேற்காட்டில் இரை தேடும். வேடந்தாங்கலில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவதும் அதே நீர்க்கடம்பில்தான். இரண்டு மாநில வனத்துறைகளும் குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கை ஒரே நாளில், ஒரே படிவத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

மயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் மயிலைக் கோயில் சிற்பத்திலும் வாகனத்திலும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது கழனி வரப்பில் கூட்டமாக நிற்கிறது. வேர்க்கடலை விதைத்த கொல்லையைக் கிளறுகிறது, நாற்றங்காலை மிதிக்கிறது. 1963 முதல் தேசியப் பறவை; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முருகன் ஊரில் மயிலைத் தொட யாருக்கும் கை வராது. மாமா விடிகாலையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றுகிறார். "சாமிது. ஆனா கடல என்னுது" என்றார். தூரத்தில் இருந்து பறவையை விரும்புகிற எங்களைப் போன்றவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் பட்டியலிட்டு இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவே. மாமா மகனின் மகள், எட்டாம் வகுப்பு, என்னோடு ஏரிக்கரைக்கு வந்தாள். என் பைனாகுலர் அவள் கழுத்தில்தான் இருந்தது. பனை மட்டையிலிருந்து நீலச் சிறகை விரித்துப் பாய்ந்த பனங்காடையை அவள்தான் முதலில் பார்த்தாள். மாலை ஆறு மணிக்குத் தோப்புக்குள் இருந்து இரண்டு சீழ்க்கை கேட்டது. "மாமா, இது யார் கூப்பிடறது?" என்றாள். இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் குளிருக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி. ஆளைப் பார்க்க முடியவில்லை. சத்தத்தைப் பட்டியலில் சேர்த்தோம்.

அதே கரையில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஆயக்கட்டின் ஒரு முனையில் வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை பக்கத்தில் இருப்பதால் விலை போகிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் குறுக்கே மண் கொட்டி வழி போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் தேங்கும் மழைநீர் ஏரிக்கு வராமல் சாலையோரப் பள்ளத்தில் நிற்கிறது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் அடர்ந்து வண்டலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழனியை விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தாத்தா பங்கு நிலமும் விற்றுத்தான் நான் படித்தேன். ஆனால் வரத்துக்கால் யாருடைய நிலமும் இல்லை. அது புறம்போக்கு, ஊரின் சொத்து. அதை மூடினால் ஏரி நிறையாது. ஏரி நிறையாவிட்டால் நவரை இல்லை. பிறகு மீதிக் கழனியும் மனையாகும்.

ஜனவரி 26 அன்று கிராமசபை கூடும். அதற்கு மனு எழுதித் தரச் சொன்னார் மாமா. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். வரத்துக்காலை அளந்து கல் நட வேண்டும். குறுக்கே போட்ட மண்ணை எடுத்துவிட்டுக் குழாய்ப்பாலம் வைக்க வேண்டும். கலங்கலின் உடைப்பைச் சரிசெய்ய வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், நாட்டுக் கருவேலத்தை விட்டுவைக்க வேண்டும், நாரை அடைவது அதில்தான். இதுவரை நான் சொன்னேன். மயில் தின்ற கடலைக்கு நிவாரணம் என்று ஐந்தாவதாக ஒரு வரியை மாமா சேர்க்கச் சொன்னார். பேத்தி அதைத் திருத்தமாகப் படி எடுத்து, நாங்கள் எண்ணிய பறவைகளின் பட்டியலைப் பின்னால் இணைத்தாள். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்க மறுநாள் காலையே மாமா கிளம்பிவிட்டார்.