கல் எண்ணப் போன நாள்

குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மெட்ரோ தூண்களுக்குக் கீழே புழுதியில் நின்றபடி, "முதல்ல அம்மனைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார் சித்தப்பா. மாங்காடு காமாட்சியைக் கும்பிடாமல் அவர் மனைப்பக்கம் போவதில்லை. அக்கினி நடுவே ஒற்றைக்காலில் நின்று தவமிருந்தவளுக்குத்தான் காத்திருப்பவனின் கஷ்டம் தெரியும் என்பது அவர் கட்சி.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, 1996-ல் வாங்கிய அரை கிரவுண்டு அது. மாதம் ஒருமுறை வந்து நான்கு மூலைக் கல்லையும் எண்ணுவார். இடையில் உடம்பு முடியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க வரவில்லை. வந்தபோது இரண்டு கல்லைக் காணோம், முள்வேலிக்குள்ளே கொட்டகை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் மனை கைமாறியிருந்தது. அந்தப் பத்திர நகலை எனக்குக் காட்டினார். விற்றவர் பெயர் சித்தப்பாவுடையது, தாத்தா பெயர்கூடச் சரியாக இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த போட்டோவில் மட்டும் யாரோ ஒரு மீசைக்காரர். கோர்ட்டில் மனையை மீட்க எட்டு வருஷம் ஆனது.

வயல் மனையானபோது வாங்கியவர்கள் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். காலி மனை, எங்கேயோ இருக்கிற சொந்தக்காரர், ஏறிக்கொண்டே போகிற விலை: ஆள்மாறாட்டத்துக்கும் போலி பவருக்கும் வேறென்ன வேண்டும்? நில அபகரிப்புக்கென்று போலீசில் தனிப்பிரிவே 2011-ல் தமிழ்நாடு முழுக்கத் தொடங்க வேண்டிவந்தது. இந்தப் பக்கத்துக் காவல் எல்லையும் மாறிக்கொண்டே இருந்தது: 2008-ல் புறநகர் கமிஷனரேட் வந்தது, 2011-ல் சென்னையோடு சேர்ந்தது, 2022-ல் ஆவடி கமிஷனரேட் பிறந்தது. மாங்காடு நகராட்சியானது 2021-ல். இன்றும் பட்டாவுக்குக் குன்றத்தூர் தாலுகா, போலீசுக்கு ஆவடி. ஊர் வளர்ந்த வேகத்துக்குக் காவல் வரவில்லை என்பது என் ஆதங்கம். அந்த இடைவெளியில்தான் சித்தப்பாவின் எட்டு வருஷம் போனது.

அமெரிக்காவில் மேற்கே குடியேறியவர்களுக்கும் இதே பாடுதான். 1830-களில் அயோவா பக்கம், அரசு நிலத்தை அளந்து ஏலம் விடும் முன்பே அவர்கள் சங்கம் கூட்டி, அவரவர் எல்லையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். வெளியாள் ஏலம் கேட்க வந்தால் மிரட்டித் துரத்தவும் செய்தார்கள். காவல் இல்லாத இடத்தில் சங்கமே காவலானது. அந்தக் காவலே சிலருக்கு அடாவடியும் ஆனது.

சித்தப்பா மனை இருக்கிற தெருவிலும் ஒரு நலச்சங்கம் உண்டு. காலி மனையில் ஜேசிபி நுழைந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துவிடும். இவர்கள் யாரையும் மிரட்டுவதில்லை. சொந்தக்காரருக்குத் தகவல் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் ஸ்டேஷனுக்கும் கூட வருகிறார்கள். அந்த ஆறுதல் சாதாரணமானதல்ல.

சித்தப்பா கருவேலங்கன்றுகளை வெட்டிப்போட்டுவிட்டு, கல்லில் ஒட்டிய மண்ணைக் கையால் வழித்து, அழிந்திருந்த மனை எண்ணைச் சிவப்புப் பெயின்டில் எழுதினார். எதிர்வீட்டு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"போன வாரம் ரெண்டு பேர் டேப்பு வச்சு அளந்துட்டுப் போனாங்க சார். யாருன்னு கேட்டேன், பதில் சொல்லலை."

சித்தப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி முதல் கல்லிலிருந்து எண்ணத் தொடங்கினார்.